விடியலுக்கு முந்திய பூசை: மின்டோரோ தீவில் ஒரு மிஷனரியின் கிறிஸ்துமஸ் வாரம்

டிசம்பர் 19, திங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் பிலிப்பைன்ஸின் மின்டோரோ தீவுக்கு வருகிறவர்கள் பதாங்காஸ் துறைமுகத்தில் அரை நாள் காத்திருக்கத் தயாராக வரவேண்டும். மணிலாவிலிருந்து பதாங்காஸ் வரை பேருந்து. அங்கிருந்து தீவின் கலபான் துறைமுகத்துக்கு விரைவுப் படகில் ஒன்றேகால் மணி நேரம். லாரி, பஸ் ஏற்றும் ரோ-ரோ கப்பலில் இரண்டரை மணி வரை ஆகும். இந்தக் கூட்டம் முழுக்க மின்டோரோவில் தங்குவதில்லை. தீவைக் கடந்து தெற்கே ரோஹாஸ் துறைமுகத்தில் மறுபடி கப்பலேறி விசாயா தீவுகளுக்கு ஊர் திரும்புகிறவர்களுக்கும் இதே வழிதான். கலபானிலிருந்து ரோஹாஸுக்கு வேனில் மூன்று மணி நேரம் போல. அதற்கும் தெற்கே, மன்சலாய் பக்கத்துக் கடலோர ஊர்களில்தான் எனக்கு இந்த வாரம் முழுவதும்.

கடல்வழியை நம்பி எந்தப் பொருளையும் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடக் கூடாது. புயல் எச்சரிக்கை ஒன்றாம் எண் ஏறினாலே கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும். டிசம்பர் புயல் இங்கே அபூர்வமும் அல்ல. 2019-இல் மட்டும் மூன்றாம் தேதி ‘திசோய்’ இந்தத் தீவின் நவ்ஹானில் கரையேறியது. ‘உர்சுலா’ சரியாகக் கிறிஸ்துமஸ் இரவில் நாட்டின் நடுப்பகுதியைப் புரட்டிப் போட்டது. அதனால் ஓஸ்தி (பூசையில் நற்கருணையாகத் தரும் கோதுமை அப்பம்), திராட்சை இரசம், மெழுகுதிரி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் பதினைந்தாம் தேதிக்குள் குருக்கள் தங்கும் பங்கு இல்லத்துக்கு வந்துசேர வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம்.

மிஷனரி என்றதும் நமக்கு வீரமாமுனிவரும் ஜி.யு.போப்பும் நினைவுக்கு வருவார்கள். ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்தவர்கள் அவர்கள். இப்போது இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம் நாட்டுக் குருக்களும் வெளிநாட்டுப் பணிக்குப் போகிறார்கள். பிலிப்பைன்ஸில் 1909 முதல் வேலை செய்யும் எஸ்.வி.டி. என்ற இறைவார்த்தைத் துறவற சபைக்கு மின்டோரோ பழைய பணித்தளம். ஒரு பங்குக்கு ஒரு தலைக்கோயில், ஒரு பங்குத்தந்தை, ஒரு உதவிக்குரு, மலையிலும் கரையிலுமாக இருபது முப்பது கிளைக்கோயில்கள் என்பது இந்தப் பக்கத்தில் சாதாரணக் கணக்கு. கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்தக் கணக்குதான் உதைக்கும். பூசை கேட்கும் இடங்கள் முப்பது, பூசை வைக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்.

டிசம்பர் 20, செவ்வாய்

சிம்பாங் காபி. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியற்காலைப் பூசை. மெக்சிகோவின் அகோல்மானில் 1587-இல் அகுஸ்தீன் சபைத் துறவிகள் அனுமதி வாங்கித் தொடங்கிய வழக்கம் ஸ்பானியர்களோடு இங்கே வந்தது. வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் பூசை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விடியலுக்கு முன் வைத்தார்கள். இன்று ஐந்தாவது நாள்.

நேரம் இப்படி ஓடும். மூன்று மணிக்குக் கோயில்பிள்ளை கதவு திறப்பார். மூன்றரைக்கு முதல் மணி. நான்குக்கு இரண்டாம் மணியோடு ஒலிபெருக்கியில் பாட்டு. நாலரைக்குப் பூசை. ஐந்தரைக்குள் முடித்தாக வேண்டும், ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்ப வேண்டும். மறையுரை ஏழு நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசையில் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். பெரியவர்களும்தான்.

அந்த ஏழு நிமிடத்துக்குப் பின்னால் இருக்கும் வேலை பெரிது. 17 முதல், ஞாயிறு தவிர, வாசகங்கள் தேதிவாரியாக நிலையானவை: 17 இயேசுவின் மூதாதையர் பட்டியல், 18 யோசேப்பின் கனவு, 19 சக்கரியா ஊமையானது, 20 கபிரியேல் மரியாவிடம் வந்தது, 21 எலிசபெத்தைச் சந்தித்தது, 22 மரியாவின் பாடல், 23 யோவான் பிறப்பு, 24 சக்கரியாவின் பாடல். தேதி மாறாததால் ஒன்பது மறையுரையையும் நவம்பரிலேயே தகாலோக் மொழியில் எழுதி, உபதேசியாரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொள்கிறார்கள் அனுபவசாலிகள். வாரத்துக்குள் எழுதலாம் என்று விட்டுவைக்கும் புதியவர் நான்காம் நாளிலேயே தூக்கக் கடனில் விழுவார்.

உடை விஷயத்தில் ஒரு நுணுக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில் ஊதா நிறம்தான் முறை, ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடக் கூடாது. பிலிப்பைன்ஸில் சிம்பாங் காபிப் பூசைக்கு மட்டும் சிறப்பு அனுமதி உண்டு: வெள்ளை உடை, ‘உன்னதங்களிலே’யும் பாடலாம். அதே நாளில் வேறு நேரத்தில் வைக்கும் சாதாரணப் பூசைக்கு ஊதாவுக்குத் திரும்ப வேண்டும். வெளியூர்க் குருக்கள் முதல் ஆண்டில் தடுமாறும் இடம் இது.

விடியலில் எழ முடியாதவர்களுக்காக முந்தைய மாலையே அடுத்த நாள் பூசையை வைக்கும் வழக்கம் நகரங்களில் பெருகிவிட்டது. மாலைக் கணக்கு 15 முதல் 23 வரை. 24 இரவுப் பூசையை ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொண்டு, ‘ஒன்பதும் முடித்துவிட்டேன், வேண்டுதல் பலிக்கும்’ என்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அந்த இரவு கிறிஸ்துமஸ் பூசை, இந்த ஒன்பதில் சேராது. 24 விடியற்காலைதான் ஒன்பதாவது.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் புகை. பிபிங்கா சுடுகிறவர்கள் வாழையிலை விரித்த மண்சட்டியில் அரிசிமாவு ஊற்றி, அடியிலும் தணல், மேலே தகரத் தட்டிலும் தணல் வைக்கிறார்கள். மேல்தணல் குறைந்தால் நடுவில் மாவு வேகாமல் ஒட்டும். கூடினால் உப்பு முட்டைத் துண்டு கருகும். ஆறேழு நிமிடத்தில் எடுத்து வெண்ணெய் தடவி, சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் போட்டுத் தருவார்கள். பக்கத்துக் கடையில் புத்தோ பும்போங்: ஊதா நிறப் புட்டரிசி மாவை மூங்கில் குழலில் அடைத்து ஆவியில் வைத்துத் தட்டியெடுப்பது. நம் குழாய்ப்புட்டின் தம்பி என்றே சொல்லலாம். கடலைக்கறிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. குடிக்க இஞ்சி போட்ட சலபாத். தொண்டை கட்டிய குருவுக்கு இந்த வாரம் முழுக்க அதுதான் மருந்து.

டிசம்பர் 21, புதன்

இன்று சாமான் கணக்கு. சலிப்பான வேலைதான், ஆனால் 24 இரவு மானம் காப்பது இதுதான்.

ஓஸ்தி: விடியற்பூசைக்கு அறுநூறு பேர் வந்தால் நற்கருணை வாங்குகிறவர்கள் முந்நூறு என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒன்பது நாளுக்கு 2,700. கிளைக்கோயில்களுக்கும் கிறிஸ்துமஸ் பூசைகளுக்கும் இன்னொரு மூவாயிரம். ஆக ஆயிரம் எண்ணிக்கைப் பொட்டலம் ஆறு. தீவின் கிழக்குப் பக்கத்தில் மழைக்கு விடுமுறை கிடையாது. டிசம்பரில் காற்றே ஈரம். ஈரம் இழுத்த ஓஸ்தி உடையாமல் வளையும், ஒன்றோடொன்று ஒட்டும், பத்து நாளில் பூசணம் பிடிக்கும். இறுக்கமான தகர டப்பாவுக்குள் வறுத்த அரிசியைச் சிறு துணிமுடிச்சாகக் கட்டிப் போட்டுவைப்பது இங்கத்திய வழி. நற்கருணைப் பேழையில் இருப்பதை வாரம் ஒருமுறை தீர்த்துப் புதிதாக வைக்கிறார்கள்.

திராட்சை இரசம்: பூசைக்கு 50 மில்லி. 750 மில்லி புட்டி பதினைந்து பூசைக்கு வரும், கெடாமல் இருந்தால். திறந்த புட்டி இந்த வெக்கையில் புளித்துக் காடியாகிவிட்டால் அதை வைத்துப் பூசை செய்யக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் (924). குளிர்பெட்டி இருக்கிறதே என்றால், மின்சாரம் இருக்க வேண்டுமே! மின்டோரோவின் மின்கட்டமைப்பு லூசானோடு இணையாத தனித்தீவு. மின்வெட்டு அன்றாடம். அதனால் புட்டியைத் திறந்த அன்றே 100 மில்லி திருகுமூடிக் குப்பிகளில் விளிம்புவரை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் புளிப்பது தாமதமாகும்.

ஜெனரேட்டர்: மாலையிலேயே டீசல் ஊற்றி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து அணைக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மின்சாரம் போனால் முதலில் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைக்க வேண்டும், பிறகே மாற்றுச் சுவிட்ச். அவசரத்தில் நேரே மாற்றினால் முதல் அதிர்வில் ஆம்ப்ளிஃபயர் புகையும். கிளைக்கோயில்களுக்குக் கார் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பெட்டி போதும். இருநூறு பேருக்கு மேல் அங்கே வரமாட்டார்கள்.

சில்லறை: 16-ஆம் தேதியிலிருந்து பிள்ளைகள் தகர டப்பா மேளமும், சோடாமூடிகளைத் தட்டிக் கம்பியில் கோத்த ஜால்ராவுமாக வாசலுக்கு வாசல் பாடி வருகிறார்கள். பங்கு இல்லத்துக்கு ஒரு மாலையில் பத்துக் குழுவாவது வரும். ஐந்து, பத்து, இருபது பெசோ நாணயமாகவே வங்கியில் மாற்றி வைத்திருப்பார்கள். நூறு பெசோத் தாள் ஒன்றை எட்டுப் பேரிடம் கொடுத்தால் வாசலிலேயே சண்டை நடக்கும்.

டிசம்பர் 22, வியாழன்

மலைக்கு.

கடலோர ஊர்களில் தகாலோக் பேசுகிறவர்கள். உள்மலையில் மங்யான் மக்கள். மங்யான் என்பது பல இனக்குழுக்களுக்குப் பொதுப்பெயர். மன்சலாய் மலைகளில் இருப்பவர்கள் ஹனுனுவோ. மூங்கிலில் கத்தி முனையால், தன் உடம்பிலிருந்து விலகும் திசையில் எழுத்துகளைக் கீறுவார்கள். ஏழசை அடிகளில் அமைந்த ‘அம்பஹான்’ பாடல்களை அப்படி எழுதிவைப்பது இவர்கள் மரபு. அந்தப் பாடல்களைத் தொகுத்தவர் அந்தோன் போஸ்ட்மா, டச்சு மிஷனரியாக வந்து மன்சலாயின் பனாய்தாயனில் பல பத்தாண்டு வாழ்ந்தவர். 1989-இல் கிடைத்த லகுனா செப்பேட்டைப் படித்தவரும் அவர்தான். அதில் உள்ள சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. எழுதியிருப்பது ‘காவி’ என்ற பழைய ஜாவா எழுத்தில். காவியின் மூலம் பல்லவர் எழுத்து. ஹனுனுவோ எழுத்தும் அதே பிராமிக் குடும்பம். காஞ்சிபுரத்துக்கும் இந்த மூங்கிலுக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

மலைப்பயணத்துக்குப் பூசைப்பை ஆறேழு கிலோ. கிண்ணம், தட்டு, சிறிய பூசைப்புத்தகம், தகாலோக் வாசகப்புத்தகம், சிலுவை, மேசைத்துணி, துடைக்கும் துணி இரண்டு, மெழுகுதிரி இரண்டு, ஓஸ்தி டப்பா, இரசக் குப்பி, நோயில்பூசுதல் எண்ணெய். உடை ஊதாவாக இருக்க வேண்டும்; ஆனால் விடியலில் வெள்ளையில் பூசை வைத்துவிட்டு வரும் குரு, அவசரத்தில் கையில் இருந்ததையே மடித்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில், பிறகு எல்லாம் சேர்த்து நீர்புகாப் பையில். லைட்டர் இரண்டு, வெவ்வேறு உறையில். மலையில் நனைந்துபோன ஒற்றை லைட்டரை வைத்துக்கொண்டு மெழுகுதிரி ஏற்றப் படும் பாடு பார்க்கச் சகிக்காது. பெரும்பாலும் மறந்துவிட்டு வருவது துடைக்கும் துணி; கைக்குட்டையால் சமாளிக்கிறார்கள்.

ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். தண்ணீர் தெளிவு மங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் இறங்கக் கூடாது. வெள்ளம் பின்னால் வருகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று மணி நேரம் கரையில் உட்கார வேண்டியதுதான். வழிகாட்டியாக வரும் மங்யான் இளைஞர் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளநீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் பூட்ஸ் கட்டாயம், திரும்பியதும் சுகாதார நிலையத்தில் கேட்டுத் தடுப்பு மாத்திரை.

பரிசு கொண்டுபோவதில் அனுபவம் இல்லாதவர்கள் சறுக்குவார்கள். நகரத்துப் பங்குகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய துணி வரும். பிரித்தால் குதிகால் உயர்ந்த செருப்பும் அலுவலகக் கோட்டும். பேட்டரி பொம்மை இரண்டு நாளில் மலைக்குக் குப்பை. மக்கள் கேட்பது உப்பு, அரிசி, கருவாடு, தீப்பெட்டி, சூரியவிளக்கு. குடும்பத்துக்கு இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ உப்பு, கால் கிலோ கருவாடு என்று வைத்தால் நாற்பது குடும்பத்துக்கு அரிசி 80 கிலோ, உப்பு 20, கருவாடு 10. இதை மூட்டையாக ஏற்றி அங்கே போய் அளக்கக் கூடாது. கடைசிக் குடும்பங்களுக்கு எப்போதும் குறையும். கீழேயே பை பையாகக் கட்டி, இரண்டு பை உபரியாக வைத்து, எருமை இழுக்கும் சறுக்குவண்டியில் அனுப்பிவிடுவார்கள். பங்கிடுவது குருவின் வேலையும் அல்ல, ஊர்ப்பெரியவரின் வேலை. யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. டிசம்பரில் மங்யான் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு நெடுஞ்சாலைக்கு இறங்கி வந்து, போகிற வண்டிகளிடம் கிறிஸ்துமஸ் காசு கேட்டு நிற்பதைப் பார்க்கலாம். இரவில் கடைத் திண்ணையில் படுக்கை, பிள்ளைகளுக்குச் சளி, சாலையில் வண்டி மோதும் ஆபத்து. வண்டி நிறுத்திக் காசு கொடுப்பவருக்கு மனநிறைவு கிடைக்கும். அடுத்த ஆண்டு கூட்டம் கூடும். மலைக்கே போய்க் கொடுப்பது செலவும் அலுப்பும் நிறைந்த வழிதான். ஆனாலும் அதுவே சரி என்று மிஷன்காரர்கள் நினைக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அறுவடைக் காலத்தில் நெல்லுக்கும் எலுமிச்சைக்கும் நியாயவிலை கிடைத்தால் இந்தப் பேச்சே எழாது என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 23, வெள்ளி

மழை. மலையில் நடந்தவர்களுக்குக் கால் பிடிப்பு.

சனி, ஞாயிறுக்கு யார் எங்கே என்று பட்டியல் போடுவது இன்றுதான். திருச்சபைச் சட்டம் 905-இன்படி ஒரு குரு நாளுக்கு ஒரு பூசை. குரு பற்றாக்குறை இருந்தால் ஆயர் இரண்டுக்கு அனுமதிப்பார். ஞாயிறு, கட்டாயம் பூசைக்கு வரவேண்டிய கடன் திருநாள்களில் மூன்றுக்கும். ஆக இரண்டு குருக்கள் ஓடினாலும் முப்பது கிளைக்கோயிலுக்குப் பூசை கிடையாது. மீதி இடங்களில் உபதேசியாரோ நற்கருணைப் பணியாளரோ இறைவார்த்தை வழிபாடு நடத்தி, முன்பே அர்ச்சித்த நற்கருணையைக் கொடுக்கிறார்கள். எந்த ஊருக்குப் பூசை, எந்த ஊருக்கு வழிபாடு என்று சுழற்சி முறையில் நவம்பரிலேயே பங்குப்பேரவை தீர்மானித்துவிட வேண்டும். குரு தானாக முடிவெடுத்தால் ‘போன வருஷமும் எங்களுக்கு இல்லையே, ஃபாதர்’ என்று சண்டைக்கு வருவார்கள், நியாயமாகவே.

ஒப்புரவுக்கும் (பாவசங்கீர்த்தனம்) இதே கணக்குதான். ஒரு பங்கில் ஒரு மாலை என்று வைத்து, சுற்றுவட்டாரக் குருக்கள் எல்லோரும் அங்கே கூடிவிடுவார்கள். எட்டுப் பேர், தலைக்கு மூன்று நிமிடம், இரண்டரை மணி நேரம்: நானூறு பேர். கூட்டம் அதிகம் என்பதற்காக மொத்தமாகப் பாவமன்னிப்பு கொடுத்துவிட முடியாது. சட்டம் 961 அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவு குவிந்து கிடக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு வரும் ஒரே காலம் இது என்பதால் 26 முதல் 30 வரை வரிசையாகத் திருமுழுக்கு. சட்டம் 873 கேட்பது ஒரு ஞானத்தந்தை அல்லது ஒரு ஞானத்தாய் அல்லது இருவரும். குடும்பத்தார் கொண்டுவரும் பட்டியலில் பதினெட்டுப் பேர் இருப்பார்கள். ஞானப்பெற்றோர் கிறிஸ்துமஸுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற வழக்கமும் அதில் சேர்த்தி. முதல் இரண்டு பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, மற்றவர்களைச் சாட்சிகளாக எழுதிக்கொண்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

டிசம்பர் 24, சனி

ஒன்பதாவது விடியற்பூசை. கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கிறது. ஒன்பதும் தவறாமல் வந்தவர்களின் முகத்தில் ஒரு பெருமிதம். ஐந்தரைக்கு முடிந்ததும் குருக்கள் இருவரும் ஒன்பது மணி வரை கட்டாயமாகத் தூங்க வேண்டும், கதவில் சீட்டு ஒட்டிவிட்டு. இந்த மூன்றரை மணி நேரத்தை விட்டவர்கள் இரவுப் பூசையில் குரல் கம்மி, மறுநாள் காய்ச்சலோடு படுப்பதைப் பங்குப்பேரவைக்காரர்களே சொல்கிறார்கள். நோயில்பூசுதல் அழைப்பு வந்தால் மட்டும் எழுப்பலாம்.

பகலில் இளைஞர்கள் நட்சத்திரம் கட்டுகிறார்கள். ‘பரோல்’ என்கிற ஐந்துமுனை விளக்கு. அறுபது சென்டிமீட்டர் மூங்கில் சிம்பு பத்து. ஐந்தால் ஒரு நட்சத்திரம், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைக் கட்டி, உள்மடிப்பு ஐந்திலும் பத்து சென்டிமீட்டர் குச்சி கொடுத்தால் நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். பச்சை மூங்கிலில் கட்டினால் காய்ந்ததும் சுருங்கிக் கட்டு தளரும். காகிதம் ஒட்டினால் மழையில் பிசுபிசுக்கும். இந்தத் தீவில் செல்லோபேன்தான்.

பெரிய நட்சத்திரத்துக்கு இரவில் முக்கிய வேடம். பாடகர் மாடத்திலிருந்து பீடம் வரை கம்பி இழுத்து, ‘உன்னதங்களிலே’ தொடங்கும்போது நட்சத்திரம் அதில் வழுக்கி வந்து குடிலின் மேல் நிற்க வேண்டும். கேட்க எளிது. கம்பி நடுவில் தொய்ந்தால் பாதியில் நின்றுவிடும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் துடைப்பக்கட்டையோடு ஓடி வருவார். இரு முனைக்கும் குறைந்தது ஒரு மீட்டர் உயர வேறுபாடு வேண்டும், கீழ்முனையில் இறுக்கும் திருகு வேண்டும், முன்னால் இழுக்க நைலான் கயிறும் பின்னால் பிடித்துவிட இன்னொன்றும் வேண்டும். மேலே சுழலும் மின்விசிறிகளை முன்பே அணைத்துவிட வேண்டும். நைலான் இறக்கையில் சுற்றிக்கொண்டால் நட்சத்திரமும் போச்சு, விசிறியும் போச்சு. உள்ளே மெழுகுதிரி கூடவே கூடாது, பேட்டரி எல்.இ.டி. விளக்கு. மாலையில் மூன்று முறை ஒத்திகை.

ஏழு மணிக்கு பனுனுலுயன். யோசேப்பு, மரியா வேடமிட்ட இருவர் வீடு வீடாகப் போய்ப் பாட்டிலேயே இடம் கேட்பார்கள். வீட்டுக்காரர்களும் பாட்டிலேயே மறுப்பார்கள். கடைசிக் கதவு கோயில் கதவு. வீடுகள் ஐந்துக்கு மேல் போனால் பூசை தாமதமாகும். அதே நேரம் உதவிக்குரு கரையோரக் கிளைக்கோயில் ஒன்றில் பூசையை முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அடுத்ததற்குக் கிளம்பியிருப்பார்.

தலைக்கோயிலில் பூசை பத்து மணிக்கு. முன்பு நள்ளிரவில் நடந்ததைப் பல பங்குகளில் எட்டுக்கும் பத்துக்குமாக முன்னே இழுத்துவிட்டார்கள். பன்னிரண்டுக்கு எல்லோரும் நோச்சே புவேனா விருந்துக்கு வீட்டில் இருக்க வேண்டும், சாலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களும் அதிகம். விசுவாசப் பிரமாணத்தில் மனிதரானார் என்ற இடத்தில் இன்று எல்லோரும் முழந்தாளிட வேண்டும். வருணனையாளர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாதிக் கோயில் நின்றுகொண்டிருக்கும். பூசைக்குப் பின் குழந்தை இயேசு சுரூபத்தை முத்தமிட வரிசை. ஒவ்வொருவருக்குப் பின்னும் ஆல்கஹால் பஞ்சால் துடைக்க ஒரு ஆள். சுரூபத்தின் பழைய வர்ணம் ஆல்கஹாலில் உரியும் என்பதால் பாதத்தில் மட்டும் முத்தமிடச் சொல்லி, மாற்றுச் சுரூபம் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

விருந்தில் இனிப்பு ஸ்பகெட்டி, ஹாம், சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸ், பழச் சாலட். பத்து வீடு அழைக்கும். எல்லா வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட்டே ஆக வேண்டும். ஊரில் உள்ள அம்மாவுக்கு ஃபோன் போட இதுவே நல்ல நேரம்: இங்கே பன்னிரண்டு என்றால் இந்தியாவில் இரவு ஒன்பதரை. பன்னிரண்டரைக்கு மேல் எல்லாருமே வெளிநாட்டுக்கு அழைப்பதால் சிக்னல் திணறும்.

டிசம்பர் 25, ஞாயிறு

இன்று குருவுக்கு மூன்று பூசை: இரவு, விடியல், பகல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசகம். நள்ளிரவில் வானதூதர் அறிவிப்பு, விடியலில் இடையர்கள் ஓடிவந்தது, பகலில் ‘வாக்கு மனிதரானார்’. மூன்று பூசைக்கும் ஒரே மறையுரையை ஓட்டுவது வழக்கத்தில் இருக்கிறது. பிடித்துக்கொள்ளும் பாட்டிமார்களும் இருக்கிறார்கள். இடையில் காப்பி குடிக்கலாமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு என்பது விதி, ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைக்கும் குருவுக்கு இரண்டாவதிலிருந்து விலக்கு உண்டு (919). பூசைக் காணிக்கையிலும் இந்த நாளுக்கு விசேஷம். மற்ற நாள்களில் எத்தனை பூசை வைத்தாலும் ஒன்றின் காணிக்கையைத்தான் குரு எடுத்துக்கொள்ளலாம், மீதி ஆயர் குறித்த பணிக்குப் போகும். கிறிஸ்துமஸ் அன்று மூன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம் 951. இங்கே மலைக்கிராமக் காணிக்கை ஒரு சீப்பு வாழைப்பழமும் நான்கு முட்டையும், கணக்கெழுதுவது சுலபம்.

காலை எட்டு மணியிலிருந்து வாசலில் பிள்ளைகள். பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு கிறிஸ்துமஸ் காசுக்கு நிற்பார்கள். ஞானப்பிள்ளைகள் நிறைய உள்ளவர்கள் சிலர் இன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதாக ஊரில் கேலி பேசுகிறார்கள். குருவுக்கு அந்த வசதி கிடையாது.

பத்து மணிப் பூசைக்குப் பின் பங்கு இல்லத்தில் இரண்டு மணி நேரம் தூக்கம். மாலையில் உதவிக்குரு மலையிலிருந்து இறங்கியதும் திரும்பி வந்த பைகளைப் பிரித்து, துணிகளை வெயிலில் போட எடுத்துவைத்து, மிஞ்சிய ஓஸ்தியை எண்ணுகிறார்கள். நாளை முதல் திருமுழுக்கு வரிசை. 28-ஆம் தேதி ஒரு திருமணம். திருமணம் நடத்திவைக்கும் உரிமைச் சான்று காலாவதியாகவில்லையா என்று இன்றே பார்க்கிறார் பங்குத்தந்தை. நடந்த பதினைந்து நாளுக்குள் பதிவுத்தாள் நகராட்சிப் பதிவாளரிடம் சேர வேண்டும். ஜனவரி பிறந்ததும் பதிவு செய்து அடையாள அட்டை பெற்ற வெளிநாட்டவர் அறுபது நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, இரண்டுக்கும் நகல். கப்பல் கூட்டம் குறைய ஜனவரி பத்தாவது ஆகும் என்பதால் கலபானுக்கு அதற்குப் பிறகு போவதாக நாட்காட்டியில் குறித்தாயிற்று.